டிரஃபால்கர் சதுக்கம் நெல்சனுக்காகக் கட்டியதா?

லண்டன் போய் வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் டிரஃபால்கர் கடற்போரில் இறந்தது 1805-இல், சதுக்கத்துத் தூணின் உச்சியில் அவர் சிலை ஏறியது 1843-இல், நடுவே ஏன் 38 வருடம்? டிரஃபால்கர் சதுக்கத்தையே அவருக்காகத்தானே உருவாக்கினார்கள்? மூலைகளில் நிற்கிற மற்ற சிலைகள் யாருடையவை? மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. சதுக்கமும் தூணும் ஒரே திட்டத்தில், ஒரே நோக்கத்தில் பிறந்தவை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே போய் நிற்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. முதலில் ஒரு காலியிடம் வந்தது, அப்புறம் அதற்கு ஒரு பெயர் வந்தது, அதற்கும் பிறகுதான் தூண் வந்தது. தூணை அங்கே வைக்க வேண்டாம் என்று சதுக்கத்தை வடிவமைத்தவரே சொல்லியிருக்கிறார்.

லண்டனுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தே ஊரைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். அதற்காகப் பல வருடங்களாக இந்த இடத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து மூலத் தாள்களைப் புரட்டிய ஆய்வாளன் நான் அல்ல. அதனால் உறுதியானதை உறுதியாகவும், என் ஊகத்தை ஊகமாகவும் சொல்கிறேன்.

முதலில் இடம். அதன் பழைய பெயர் சாரிங் கிராஸ். 1290-இல் முதலாம் எட்வர்டின் மனைவி எலினோர் இறந்தபோது, அவர் உடலை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்த வழியில் இரவு தங்கிய ஊர்களிலெல்லாம் அரசர் ஒரு நினைவுச் சிலுவை எழுப்பினார். கடைசிச் சிலுவை நின்றது இங்கே. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1647-இல், நாடாளுமன்ற உத்தரவின்படி அதை இடித்தார்கள். இன்று சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்பது 1860-களில் செய்த புதியது. பழைய சிலுவை இருந்த இடத்தில், சதுக்கத்துக்குத் தெற்கே போக்குவரத்துத் திட்டில், முதலாம் சார்லஸ் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். லண்டனிலிருந்து இத்தனை மைல் என்று கணக்கிடும்போது பூஜ்யம் அந்த இடம்தான். அந்தச் சிலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1633-இல் வார்த்தது. அரசரின் தலையை வெட்டிய பிறகு, உடைத்து உருக்கச் சொல்லி ஒரு பித்தளைக் கொல்லரிடம் விற்றார்கள். அவர் உடைக்காமல் ஒளித்து வைத்தார். மன்னராட்சி திரும்பியதும் சிலையும் வெளியே வந்தது, 1675-இல் இங்கே நின்றது. அதற்கு முன்பே, 1660-இல், அரசருக்கு மரண தண்டனை விதித்தவர்களில் சிலரை இதே சாரிங் கிராஸில் வைத்துக் கொன்றிருந்தார்கள்.

சதுக்கத்தின் நடுப்பகுதியும் நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடம் நிற்கிற மேட்டுப் பகுதியும் அரச லாயங்கள். முதலில் அரசரின் வேட்டைப் பருந்துகளை வளர்த்த இடம். 16-ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்த பிறகு குதிரைகளுக்குப் போனது. 1820-களில் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கத்தில் புதிய லாயம் வந்ததும் இந்தப் பெரிய நிலம் சும்மா கிடந்தது. ரீஜென்ட் தெருவை வடிவமைத்த ஜான் நாஷ் இங்கே ஒரு பெரிய திறந்தவெளிக்குத் திட்டம் போட்டார். தெற்கே வைட்ஹால், கிழக்கே ஸ்ட்ராண்ட் என்று பிரிந்து கிடந்த தெருக்கள் கூடுகிற இடம் அது. நெருக்கமான வீடுகளுக்குள் மறைந்து நின்ற செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் முகப்பும் அப்போதுதான் வெளியே தெரியும். நாஷ் 1835-இல் இறந்துவிட்டார். வில்லியம் வில்கின்ஸ் வடிவமைத்த நேஷனல் கேலரி 1838-இல் திறந்தது. இதுவரை நெல்சன் கதைக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். திட்டத்தின் தேவை போக்குவரத்து, ஊர் அழகு, ஓவியக் கூடம், அவ்வளவுதான்.

பெயர் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அப்போது அரசர் நான்காம் வில்லியம். சதுக்கத்துக்கு அவர் பெயரையே வைப்பதாக இருந்தது. டெய்லர் என்ற கட்டடக் கலைஞர், டிரஃபால்கர் என்று வைக்கலாம் என்று யோசனை சொன்னார் என்கிறார்கள். யோசனை யாருடையதாக இருந்தாலும், 1835 வாக்கில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வில்லியம் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டார் என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். அரசராவதற்கு முன் அவர் கடற்படை அதிகாரி. மேற்கிந்தியத் தீவுகளில் நெல்சனோடு பணியாற்றியவர். 1787-இல் நெவிஸ் தீவில் நெல்சனுக்குக் கல்யாணம் நடந்தபோது மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் இந்த வில்லியம்தான். தன் பெயர் போகவேண்டிய இடத்தில் பழைய நண்பரின் வெற்றி உட்கார அவர் இடம் கொடுத்தார். வடமேற்கு மூலையில் இன்று மாறி மாறி நவீனச் சிற்பங்கள் வைக்கிறார்களே, அந்தப் பீடம் வில்லியத்தின் குதிரைச் சிலைக்காக 1841-இல் கட்டியது. பணம் சேரவில்லை. சிலை வரவே இல்லை. ஒன்றரை நூற்றாண்டு அது வெறும் கல்லாகவே நின்றது.

இனி நெல்சன். டிரஃபால்கர் என்பது ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில், காதிஸ் துறைமுகத்துக்கு அருகே உள்ள ஒரு முனை. 1805 அக்டோபர் 21 அன்று அதன் அருகே 27 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் 33 பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களும் மோதின. அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு பக்கமும் நீள வரிசையில் நின்று சுட்டுக்கொள்ளும். நெல்சன் தன் கப்பல்களை இரண்டு வரிசையாக்கி எதிரி வரிசைக்குக் குறுக்கே பாய்ந்து அதை வெட்டினார். முன்னால் போகிற கப்பல்கள் எதிரியை நெருங்கும் வரை குண்டுகளை வாங்கிக்கொண்டே போகவேண்டும், திருப்பிச் சுட முடியாது. அந்த ஆபத்தான இடத்தில் நெல்சனின் விக்டரி கப்பலே போனது. நெருங்கிய சண்டையில் ரெடூட்டாபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்திலிருந்து சுட்ட குண்டு அவர் தோளில் இறங்கி முதுகெலும்பில் தங்கியது. அன்று மாலைக்குள் இறந்தார். பிரிட்டிஷார் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. உடலைப் பிராந்திப் பீப்பாயில் வைத்துக் கொண்டுவந்தார்கள், ரம் என்று சொல்வது தவறு. 1806 ஜனவரி 9 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த கறுப்புப் பளிங்குப் பேழை, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சிக்காகச் செய்து பயன்படாமல் கிடந்தது.

அப்படியானால் ஏன் 38 வருடம்? தாமதம் லண்டனுக்கு மட்டும்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோ 1806-லேயே தூண் எழுப்பிவிட்டது. மான்ட்ரியால், டப்ளின், பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் எல்லாம் பத்து வருடத்துக்குள் செய்துவிட்டன. (டப்ளின் தூணை 1966 மார்ச்சில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். பிரிட்ஜ்டவுன் சிலையை 2020 நவம்பரில் அரசே இறக்கியது.) லண்டனில் அரசு பணம் கொடுத்தது செயின்ட் பாலுக்குள் வைக்கிற நினைவுச் சின்னத்துக்கு. ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய அது 1818-இல் முடிந்தது. அதோடு அரசின் கடமை தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். 1815 வரை போர் நடந்தது. அதற்குப் பிறகு மக்கள் மனதில் வாட்டர்லூ போரும் அதில் நெப்போலியனை வென்ற வெலிங்டனும் முன்னே வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது, வைப்பதற்குத் தகுந்த இடம் இல்லாமல் இருந்தது. டிரஃபால்கர் என்ற பெயரோடு ஒரு பெரிய காலியிடம் ஊர் நடுவில் வந்து உட்கார்ந்ததும்தான், பெயருக்கு உரியவர் எங்கே என்ற கேள்வி எழுந்தது. இது என் ஊகம்தான். ஆனால் தேதிகள் அதற்கு ஒத்து வருகின்றன: பெயர் 1835 வாக்கில், நினைவுக்குழு 1838-இல்.

அந்தக் குழு அரசுக் குழு அல்ல. தனியார் கூடி நன்கொடை திரட்டினார்கள். போட்டி வைத்தார்கள். 1839 பிப்ரவரியில் வில்லியம் ரெயில்டன் வரைந்த, உச்சியில் இலை வேலைப்பாடு கொண்ட கொரிந்தியத் தூண் முதல் பரிசு பெற்றது. ரோமில் அகஸ்டஸ் கட்டிய மார்ஸ் உல்டோர் கோவிலின் தூண்கள்தான் அவருக்கு மாதிரி. முடிவு வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. குழு மறுபடியும் போட்டி நடத்தியது. மறுபடியும் ரெயில்டனே வென்றார். வழக்கமான குறை, தூண் என்பது பழைய யோசனை, அத்தனை உயரத்தில் வைத்தால் மனிதர் யாரென்றே தெரியாது என்பது. இரண்டாவது குறையில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். 1843-இல் சிலையை மேலே ஏற்றும் முன் தரையில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கப் பொதுமக்களுக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அதுதான்.

இதற்கிடையே சதுக்கத்தைச் சீர்படுத்தும் வேலை சார்ல்ஸ் பாரியிடம் போயிருந்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டியவர் அவரேதான். நிலம் வடக்கிலிருந்து தெற்கே சரிந்து கிடந்தது. பாரி அதை வெட்டிச் சமமாக்கி, வடக்கே ஓர் உயர்ந்த மேடையும் படிகளும் அமைத்தார். சதுக்கத்தின் நடுவில் தனித்து நிற்கிற எதுவும் வேண்டாம், வெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர் கருத்து. 1840-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் தூணின் வேலை தொடங்கிவிட்டது. ஆகவே இன்று நாம் பார்ப்பது ஒருவர் மனதில் இருந்த காட்சி அல்ல. ரெயில்டனின் தூண், அதை விரும்பாத பாரியின் தரை, வில்கின்ஸின் கேலரி என்று மூன்று பேர் மூன்று திசையில் இழுத்ததன் விளைவு. தூண் சற்றே தெற்கே ஒதுங்கி, வைட்ஹால் இறக்கத்தின் முகப்பில் நிற்பதும், அதற்கும் கேலரிக்கும் நடுவில் பெரிய தரை விரிந்து கிடப்பதும் இப்படி வந்தவை. மக்கள் கூடுவதற்கு அந்தத் தரை பிற்பாடு எப்படி வாய்ப்பாக அமைந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ரெயில்டன் முதலில் கேட்ட உயரம் 203 அடி. நிலைத்து நிற்குமா என்ற பயத்தில் குறைத்தார்கள். டார்ட்மூர் பகுதியின் கருங்கல்லில், உள்ளே படிக்கட்டு இல்லாத கெட்டித் தூணாக எழுப்பினார்கள். உச்சியில் இருக்கிற இலை வேலைப்பாடு வெண்கலம். 1782-இல் ஸ்பிட்ஹெட்டில் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலிலிருந்து மீட்ட பீரங்கிகளை உருக்கி வார்த்தது. சிலையைச் செதுக்கியவர் எட்வர்டு பெய்லி. அது மணற்கல், வெண்கலம் அல்ல. 1843 நவம்பரில் மேலே ஏறியது. மொத்த உயரத்தைப் பல புத்தகங்களில் 185 அடி என்று போட்டிருப்பார்கள், வினாடி வினாப் போட்டிகளிலும் அப்படியே கேட்கிறார்கள். 2006-இல் சாரம் கட்டித் தூணைச் சுத்தம் செய்தபோது கருவி வைத்து அளந்தார்கள்: 169 அடி 3 அங்குலம். பழைய கணக்கு பதினைந்தே முக்கால் அடி அதிகம். ஆகவே 185 என்ற எண்ணை விட்டுவிடுங்கள்.

பணம் பாதியில் தீர்ந்தது. நன்கொடையாகச் சேர்ந்தது இருபதாயிரம் பவுன் அளவில்தான். அதில் 500 பவுன் ரஷ்யச் சக்ரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் கொடுத்தது. மொத்தச் செலவு 47,000 பவுனைத் தொட்டது. 1844-இல் அரசு பொறுப்பேற்றது. அதே வருடம் மே மாதம் சதுக்கம் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் அடிப்பீடத்தில் சிற்பப் பலகைகள் இல்லை, சிங்கங்கள் இல்லை. கடைசிப் பலகை வந்தது 1854-இல். சிங்கங்கள் 1867 ஜனவரியில். டிரஃபால்கர் போர் முடிந்து 61 வருடம் கழித்துத்தான் நினைவுச் சின்னம் முழுதானது. உங்கள் கேள்வியில் இருந்த 38 என்பது சிலை ஏறிய கணக்கு மட்டுமே.

எல்லாரும் சிங்கத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் கூட்டிப்போகிறவர்களைப் பலகைகளின் முன்னால்தான் நிற்க வைப்பேன். நான்கு பக்கமும் 18 அடிச் சதுர வெண்கலப் பலகைகள், பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. மேற்கே செயின்ட் வின்சென்ட் முனைப் போர், வடக்கே நைல், கிழக்கே கோபன்ஹேகன், தெற்கே அவர் மரணம். நான்கையும் செய்தவர்கள் நான்கு வெவ்வேறு சிற்பிகள். மேற்குப் பலகையைச் செய்த வாட்சன் முடிக்கும் முன்பே இறந்துவிட்டார். அதை வார்த்தவர்கள் வெண்கலத்தில் கலப்படம் செய்து மாட்டிக்கொண்டு சிறைக்கும் போனார்கள். கிழக்குப் பலகையில் நெல்சன் பீரங்கிமேல் காகிதம் வைத்து ஒரு கடிதத்துக்கு முத்திரை இடுகிறார். 1801-இல் கோபன்ஹேகனில் சண்டை நடக்கும்போதே டென்மார்க் இளவரசருக்குப் போர் நிறுத்தக் கடிதம் அனுப்பினார். அவசரத்தில் ஒட்டி அனுப்பாமல், மெழுகு கொண்டுவரச் சொல்லி, உருக்கி, முறையாக முத்திரை போட்டார். பதறுகிற ஆள் எழுதிய கடிதம் என்று எதிராளி நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. சிற்பி அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறார். தெற்குப் பலகையில் மூவர் அவரைத் தூக்கிக்கொண்டு போக, சுட்டவனைத் தேடித் துப்பாக்கியோடு மேலே பார்க்கிறார் ஒரு கறுப்பின மாலுமி. விக்டரியில் பல நாட்டு ஆட்கள் வேலை பார்த்தார்கள் என்பது கப்பல் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஏகாதிபத்தியத்தின் உச்சக் காலத்தில் செய்த ஒரு வெற்றிச் சின்னத்தில் அந்த உண்மை விடுபடவில்லை. அந்த முகத்தை நின்று பாருங்கள்.

சிங்கங்களைச் செய்த எட்வின் லேண்ட்சீர் சிற்பி அல்ல, விலங்குகளை வரைவதில் பேர்பெற்ற ஓவியர். 1858-இல் வேலையை ஏற்று ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டார். விலங்குக் காட்சிசாலையில் செத்துப்போன ஒரு சிங்கத்தைத் தன் கூடத்துக்கு வரவழைத்து வைத்து வேலை செய்தார். அது அழுகத் தொடங்கியது வரைக்கும் பதிவு உண்டு. அதனால் பாதங்களுக்கு நாயின் பாதத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார் என்று சேர்த்துச் சொல்வார்கள். பாதத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ஆனால் இதை வாய்வழிக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் தாமஸ் மில்ன்ஸ் என்பவர் கல்லில் நான்கு சிங்கங்கள் செய்தார். அவை பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். அவை இன்று யார்க்ஷயரில் சால்டெய்ர் என்ற ஊரில் இருக்கின்றன.

அடிக்கடி கேட்கிற வேறு சில கதைகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நெல்சன் ஒரு கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார் என்பது தவறு. 1794-இல் கார்சிகாவில் வலக்கண்ணின் பார்வை போனது உண்மை, துணி கட்டியதில்லை. சிலையிலும் இல்லை. 1797-இல் டெனரீஃபில் வலக்கை போனதும் உண்மை. சிலையின் காலிச் சட்டைக்கை மார்பில் குத்தியிருப்பதைத் தொலைநோக்கி இருந்தால் பார்க்கலாம், பின்னால் ஒரு கயிற்றுச் சுருளும் தெரியும். தென்கிழக்கு மூலையில் விளக்குத் தூணின் அடியைக் குடைந்து 1920-களில் காவலர் ஒருவர் நிற்க இடம் செய்தார்கள், அது உண்மை. அதன் மேல் இருக்கிற விளக்கு விக்டரி கப்பலின் விளக்கு என்பதற்கு ஆதாரம் கிடையாது.

காவலருக்கு அங்கே ஒரு கூண்டு ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் சதுக்கத்தின் மறுபாதி வரலாறு இருக்கிறது. அரசுக்கு அந்தப் பெரிய வெற்றுத்தரை தொடக்கத்திலிருந்தே பயம். 1845-இல் நீரூற்றுகள் வைத்ததற்குக் கூட்டம் கூடும் இடத்தைக் குறைப்பதும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அன்றைய அரசின் மனநிலையைப் பார்த்தால் அது பொருந்தித்தான் வருகிறது. 1848 மார்ச்சில், தூணைச் சுற்றி மரத் தடுப்பு இருந்த காலத்திலேயே, வருமான வரிக்கு எதிரான கூட்டம் கலவரமாகி அந்த மரப் பலகைகளையே பிய்த்து எறிந்தார்கள். 1887 நவம்பர் 13 அன்று வேலையில்லாதவர்களும் சோஷலிஸ்டுகளும் அயர்லாந்துக்காகக் குரல் கொடுத்தவர்களும் தடையை மீறிச் சதுக்கத்தை நோக்கி வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, குதிரைப் படையும் வந்தது. ரத்த ஞாயிறு என்று அதற்குப் பெயர். சோஷலிஸ்ட் தலைவர் ஜான் பர்ன்ஸும் நாடாளுமன்ற உறுப்பினர் கன்னிங்ஹாம் கிரஹாமும் ஆறு வாரம் சிறையில் இருந்தார்கள். அன்று ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். ஆமாம், பிற்பாடு அடையாற்றில் குடியேறிப் பிரம்மஞான சபையை நடத்திய, தன்னாட்சி இயக்கம் கண்ட அதே பெசன்ட் அம்மையார். என்னையும் கைது செய்யுங்கள் என்று போலீசாரிடம் கேட்டும் அவர்கள் செய்யவில்லை. அவருடைய அரசியல் வாழ்வைச் சென்னையிலிருந்து மட்டும் தொடங்கிப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள்.

சதுக்கத்தில் கூட்டம் போட 1892-இல் மீண்டும் அனுமதி வந்தது. வாக்குரிமை கேட்ட பெண்கள் இங்கே பேசினார்கள். 1938-இல் ஸ்பெயின் குடியரசுக்கு ஆதரவாக நேரு பேசினார். 1945 மே 8 அன்று போர் முடிந்த சந்தோஷத்தில் ஊரே இங்கே திரண்டது. 1958 ஈஸ்டரில் அணுகுண்டு எதிர்ப்பு நடைப்பயணம் இங்கிருந்து ஆல்டர்மாஸ்டனுக்குக் கிளம்பியது. 1990 மார்ச்சில் தலைவரிக்கு எதிரான பேரணி கலவரத்தில் முடிந்தது. கிழக்கே இருக்கிற தென்னாப்பிரிக்க மாளிகை (அந்த நாட்டுத் தூதரகம்) வாசலில் நிறவெறிக்கு எதிராக 1986 முதல் சுமார் நான்கு வருடம் இரவும் பகலும் ஆட்கள் நின்றார்கள். 2005-இல் அதே சதுக்கத்தில் மண்டேலா வறுமைக்கு எதிராகப் பேசினார். போர் வெற்றிக்கென்று பெயர் வைத்த ஓர் இடம், அரசிடம் நியாயம் கேட்கிற இடமாக மாறியது. இந்த மாற்றத்துக்காகவே நான் அந்த இடத்தை மதிக்கிறேன்.

கடைசியாக, மற்ற சிலைகள். வடகிழக்கில் குதிரைமேல் நான்காம் ஜார்ஜ். மார்பிள் ஆர்ச் வளைவின் மேல் வைக்கச் செய்த சிலையை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தென்மேற்கில் நிற்பவர் சார்ல்ஸ் நேப்பியர், 1843-இல் சிந்து மாகாணத்தைப் பிடித்தவர். தென்கிழக்கில் நிற்பவர் ஹென்றி ஹேவ்லாக். 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலிருந்து படை நடத்தி கான்பூரைப் பிடித்து, லக்னோவுக்குள் நுழைந்து, அதே நவம்பரில் அங்கேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தவர். நெல்சனைச் சுற்றி நிற்கிற இரண்டு தளபதிகளும் இந்திய மண்ணில் பெயர் எடுத்தவர்கள் என்பது எதேச்சையானது அல்ல. சிலைகள் வந்தது 1855, 1861-இல். பேரரசு யாரைக் கொண்டாடியது என்பதை அந்தத் தேதிகளே சொல்கின்றன. 2000-இல் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், இந்த இருவரும் யாரென்றே யாருக்கும் தெரியாது, எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவில்லை.

நெல்சனுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. பதின்ம வயதில் சீஹார்ஸ் என்ற கப்பலில் அவர் 1774-இல் சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் திரிகோணமலைத் துறைமுகத்தையும் பார்த்தார். 1775 பிப்ரவரியில் பம்பாய்க்குப் பணம் கொண்டுபோகும் வழியில் ஹைதர் அலியின் இரண்டு சிறு கப்பல்கள் சீஹார்ஸைத் தாக்கின. நெல்சன் வாழ்க்கையில் பார்த்த முதல் சண்டை அது. பிறகு காய்ச்சல் கண்டு, நைந்துபோய் ஊர் திரும்பினார். 1798-இல் நைல் போரில் பிரெஞ்சுக் கடற்படையை அழித்ததும், நெப்போலியன் எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வரும் வழி அடைபட்டது என்ற செய்தியை ஒரு லெப்டினன்டிடம் கொடுத்து நிலம் வழியாகப் பம்பாய்க்கு அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதற்காக அவருக்கு 10,000 பவுன் கொடுத்தது. நெப்போலியன் உதவுவார் என்று எதிர்பார்த்திருந்த திப்பு சுல்தான் அடுத்த மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். தூணின் வடக்குப் பலகையைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஹேவ்லாக்கோடு 1857-இல் போன படைகளில் கம்பெனியின் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் பிரிவும் ஒன்று. ஐரோப்பியச் சிப்பாய்களைக் கொண்ட பிரிவு அது. அதன் தளபதி ஜேம்ஸ் நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் ஈவு இரக்கமில்லாமல் தூக்கில் போட்டதற்குப் பேர்போனவர். லக்னோவுக்குள் நுழைகிற சண்டையில் செத்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை நின்றது. 1927-இல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சிலையை அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே படையெடுப்பில் சேர்ந்து போன இரண்டு தளபதிகளில் ஹேவ்லாக் இன்னும் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறார், நீல் சென்னைத் தெருவிலிருந்து இறங்கி எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த முறை லண்டன் போனால் தென்கிழக்கு மூலைக்கு நடந்து போய் ஹேவ்லாக்கின் பீடத்தைப் படியுங்கள். 1857 இந்தியப் படையெடுப்பில் அவரோடு போன வீரர்களையும் சேர்த்துத்தான் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.